சீமாட்டியோடு ஒரு எடை, தனியாக ஒரு எடை

மார்ச் 3, திங்கள்

மகள் இந்த ஃபோனில் ஒரு வித்தை செய்து கொடுத்திருக்கிறாள். நான் பேசினால் அது எழுதிக்கொள்கிறது. எழுதினதைப் படிக்க எனக்குத் தெரியாது. எண் தெரியும், எழுத்து தெரியாது. "பகல் முழுக்க வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்கப்பா, இதுகிட்டயாவது பேசுங்க" என்றாள். பக்கத்தில் இருந்த மச்சினன், "அந்த ஃபோன் போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணிச்சோ" என்றான்.

வாய்க்கு வந்தபடி பேசினால் கன்னாபின்னாவென்று எழுதிவிடுமாம். ரேடியோவில் செய்தி படிக்கிறவர் மாதிரி நிறுத்தி நிதானமாகப் பேச வேண்டுமாம். பேசிப் பார்க்கிறேன்.

செய்திகள். இந்த வீட்டில் நாலு பேர். ஒன்று நான். இரண்டாவது என் மகள், மருந்துக்கடையில் வேலை. மூன்றாவது என் மனைவியின் தம்பி, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அக்கா செத்துப்போன துக்கத்துக்கு வந்தவன், துக்கம் முடிந்து ஆறு வருஷம் ஆகியும் கிளம்பவில்லை. நாலாவது சீமாட்டி. சாம்பல் நிறப் பூனை, வயது பதினேழு.

நான் வேலை பார்த்த குடோனில், மூட்டைகளுக்கு நடுவில் கிடந்த குட்டி அவள். சட்டைக்குள் வைத்து எடுத்து வந்தேன். "ஒண்ணு இந்த வீட்ல அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள் மனைவி. விளக்கு வைக்கிற நேரத்தில் பார்த்தால் குட்டி அவள் மடியில். பெயர் வைத்ததும் அவள்தான். நடை அப்படி.

காலையில் எழுந்ததும் சீமாட்டியை இரண்டு கையாலும் தூக்கி ஜன்னல் ஓரம் கொண்டுபோய் விடுவேன். பழக்கம். இன்றைக்கும் தூக்கினேன். ஐந்து கிலோ. என்றைக்கும் அதே ஐந்து. நாற்பது வருஷம் மூட்டை தூக்கின கை, தப்பாது.

செய்திகள் முடிந்தன.

மார்ச் 5, புதன்

சீமாட்டி கட்டிலுக்குக் கீழே நின்று மேலே பார்த்தாள். பின்னங்காலைக் குறுக்கிக்கொண்டாள், தாவப் போகிறாள் என்று நினைத்தேன். தாவவில்லை. உட்கார்ந்து முன்பாதத்தை நக்க ஆரம்பித்துவிட்டாள். ஏதோ அதற்காகவே அங்கே வந்த மாதிரி. கொஞ்ச நேரம் நக்கிவிட்டு, கட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இதே மாதிரி ஒன்றை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். எங்கே?

மார்ச் 6, வியாழன்

ஞாபகம் வந்துவிட்டது. வராமலே இருந்திருக்கலாம்.

மார்ச் 9, ஞாயிறு

சொல்லித்தான் ஆக வேண்டும், நெஞ்சில் உட்கார்ந்து இறங்க மாட்டேன் என்கிறது.

குடோனில் எங்களோடு ஒருவன் இருந்தான். யானை என்று கூப்பிடுவோம். மூட்டையை முதுகில் ஏற்றினால் பாட்டுப் பாடிக்கொண்டே மாடி ஏறுவான். ஒரு வருஷம் பார்க்கிறேன், பாதிப் படியில் மூட்டையைத் தூண் மேல் சாய்த்துவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டுகிறான். முடிச்சு நன்றாகத்தான் இருந்தது. மறுநாளும் கட்டினான். அப்புறம் ஒவ்வொரு நடைக்கும் கட்டினான். எங்களுக்கெல்லாம் தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அவன் மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் முடிச்சைத் தேடுகிறான் என்று எப்படிச் சொல்வது?

மேஸ்திரிக்கு ஒரு வழக்கம். வருஷத்தில் ஒருநாள் ஒரு மூட்டையைத் தனியாக எடுத்து வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிடுவான். தூக்கிக்கொண்டு நிற்காமல் மேலே ஏறிக் காட்ட வேண்டும். நின்றவனை மறுநாள் கேட்டில் விடமாட்டார்கள். பெயர் கூப்பிடுகிறவரைக்கும் நாங்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருப்போம். அந்தக் காத்திருப்பு இருக்கிறதே... இன்றைக்கும் யாராவது சத்தமாகப் பெயர் கூப்பிட்டால் என் முதுகு தானாகச் சுவரைத் தேடும்.

யானையைக் கூப்பிட்டார்கள். பாதிப் படியில் நின்றான். கை தலைத்துண்டுக்குப் போனது. அவ்வளவுதான்.

சீமாட்டி பாதம் நக்கினதைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கைதான் தெரிந்தது.

சாப்பிடும்போது மகள் சொன்னாள், "அப்பா, இவளை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டணும். வயசாச்சுல்ல."

"எதுக்கு? நல்லாத்தானே இருக்கா" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிப்போனது.

மார்ச் 11, செவ்வாய்

தரையில் டக் டக் என்று சத்தம். யாரோ செருப்போடு நடக்கிற மாதிரி. திரும்பினால் சீமாட்டி. முன்பெல்லாம் இவள் வருவது காதில் விழாது, காலில் உரசினால்தான் தெரியும். நகம் வளர்ந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, உள்ளே போகவில்லை.

தண்ணீர்க் கிண்ணம் காலி. காலையில் நான்தான் நிரப்பினேன். மகளும் பார்த்துவிட்டாள். "ரொம்பத் தண்ணி குடிக்கிறாப்பா. அவ ஒண்ணுக்குப் போற மண் தட்டும் ரொம்ப நனைஞ்சு கிடக்கு."

"வெயில்" என்றேன்.

"வயசானா தாகம் எடுக்கும்மா, நான் குடிக்கலையா?" என்றான் மச்சினன்.

"நீ குடிச்சதெல்லாம் தண்ணியா மாப்ளே?" என்றேன். அவள் சிரித்துவிட்டாள், பேச்சு அதோடு போனது. நான் அதற்காகத்தான் சொன்னேன்.

மார்ச் 14, வெள்ளி

தூக்கினேன். ஐந்து கிலோ. அப்பாடா.

எது வேண்டுமானாலும் மாறட்டும். எடை குறையாதவரைக்கும் பயமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சாப்பிடாத மாடாக இருந்தாலும் மனுஷனாக இருந்தாலும் முதலில் எடைதானே போகும்? ஐந்து ஐந்தாகவே இருக்கிறது. கை பொய் சொல்லாது.

ஆனால் மகள் அவள் முதுகைத் தடவிவிட்டு, "அப்பா, சீப்புப் பல் மாதிரி எலும்பு தட்டுது" என்றாள். நானும் தடவினேன். வால் பக்கம் முடி கொத்துக் கொத்தாகச் சிக்கியிருக்கிறது. அங்கே இவளுக்கு நாக்கு எட்டவில்லையா? ஒரு தூசி ஒட்டினால் அரை நாள் நக்குகிறவள் ஆயிற்றே.

முடி உதிர்கிற காலம் என்று சொன்னேன். எனக்கே நம்பிக்கை இல்லாத குரலில்.

மார்ச் 16, ஞாயிறு

கண் விழித்ததும் கட்டில் கால்மாட்டைத் தடவினேன். காணோம். எழுந்து தேடினேன். செருப்பு அலமாரியின் அடித்தட்டில், சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். குனிந்து விலாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது. இறங்கியது. மறுபடி ஏற நேரமானது.

அந்த நேரம் ரொம்பப் பெரிய நேரம்.

மார்ச் 18, செவ்வாய்

விழுந்துட்டா. ஜன்னல் திண்டுக்குத் தாவினா, முன்னங்கால் ரெண்டும் புடிச்சிருச்சு, பின்னாடி வரல. தொங்கினா. நான் நாற்காலியை விட்டு எந்திரிக்கறதுக்குள்ள விழுந்துட்டா. கத்தல. ஒரு சின்ன சத்தங்கூட இல்ல. விழுந்தவ உடனே உட்கார்ந்து பாதம் நக்கறா! நான் பார்க்கறேன்னு தெரிஞ்சு நக்கறா. எதுக்குடி எங்கிட்ட மறைக்கிற? நான் என்ன மேஸ்திரியா?

அப்புறம் துணி துவைக்கிற மெஷினுக்குப் பின்னாடி போய்ப் புகுந்துக்கிட்டா. வரமாட்டேங்கறா.

மகள் வந்ததும் சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவ உடனே டாக்டருக்கு ஃபோன் பண்ணினா. நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க.

நாளைக்கு.

மார்ச் 19, புதன்

நிதானமாகப் பேச முயற்சி செய்கிறேன்.

மூன்று பேரும் போனோம். கூடைக்குள் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மச்சினன் பஸ்ஸில் ஏறினதும், "பூனைக்கு அரை டிக்கெட்டா, முதியோர் சலுகையா?" என்று கேட்டு அந்தக் கண்டக்டரைச் சிரிக்க வைத்தான். எனக்குக் காது அடைத்துக்கொண்டிருந்தது.

டாக்டர் ஒரு சின்ன வயசு அம்மா. கண்ணாடி போட்டவர். மேஜை இரும்பு மேஜை. அதைப் பார்த்ததும் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உட்காரக்கூட இல்லை, கேட்டுவிட்டேன்: "ஊசி போட்டு அனுப்பிடுவீங்களா?"

"எங்க அனுப்பறது? வீட்டுக்குத்தான்" என்றார். "முதல்ல அவங்களைப் பார்ப்போம்."

அவங்க என்றார் பூனையை. கொஞ்சம் மூச்சு வந்தது.

கூடையின் மூடியைக் கழற்றி, இவள் தானாக வரும்வரை காத்திருந்தார். கண்ணைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், முதுகெலும்பில் விரல் ஓட்டினார், பின்னங்காலை மெதுவாக மடக்கி நீட்டினார். பிறகு மேஜையோரம் இருந்த தராசில் நிறுத்தினார். "மூணு கிலோ நூறு."

"தராசு தப்பும்மா" என்றேன்.

"இல்லைங்களே, காலையில சரி பார்த்தது."

"தினமும் தூக்கறேன் நான். அஞ்சு கிலோ. நாப்பது வருஷம் மூட்டை தூக்கினவன், கையில எடுத்தா எடை சொல்லுவேன்."

மச்சினனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஆமா டாக்டர், அத்தான் கை தராசு மாதிரி" என்று சொல்லிக்கொண்டே அலமாரியில் இருந்து ஒரு பூனைத்தீனி மூட்டையை எடுத்து என்னிடம் நீட்டினான். "கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுங்க அத்தான்."

கண்ணை மூடித் தூக்கினேன். இரண்டு தடவை ஏற்றி இறக்கினேன். "எட்டு" என்றேன்.

கண்ணைத் திறந்தேன். மச்சினன் மூட்டையை வாங்கி, எழுத்து இருக்கிற பக்கத்தைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். "எட்டுதான் அத்தான். சொன்னேன்ல டாக்டர்?" என்றான். சிரித்தான். அந்தச் சிரிப்பு அவனுடையது இல்லை.

திரும்ப அலமாரியில் வைக்கும்போது பார்த்துவிட்டேன். எழுத்துதான் எனக்குத் தெரியாது. எண் தெரியும். ஐந்து என்று போட்டிருந்தது.

டாக்டர் ரத்தம் எடுத்தார். காலில் சின்னப் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்தார். அப்புறம் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்: "பூனைங்க மறைச்சுக்கும். வலிக்குதுன்னு கத்தாது. தாவறதைக் குறைச்சுக்கும், நக்கிக்கறதைக் குறைச்சுக்கும், ஒதுங்கிப் படுத்துக்கும். வீட்ல இருக்கறவங்க வயசாச்சுன்னு விட்டுடுவாங்க. தினமும் பார்க்கறவங்களுக்குத்தான் கடைசியா தெரியும்."

எனக்கு அது காதில் விழுந்தது. ஆனால் நான் அந்த ஐந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 20, வியாழன்

ஐந்து எனக்கு எட்டாகத் தெரிகிறது. அப்படியென்றால் மூன்று எனக்கு ஐந்தாகத் தெரிந்திருக்கிறது.

அவள் குறைந்துகொண்டே வந்திருக்கிறாள். என் கையும் கூடவே குறைந்திருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் ஒரே வேகத்தில் போகிற இரண்டு பஸ் மாதிரி. அதில் இருக்கிறவனுக்கு இது நகர்வது தெரியாது, இதில் இருக்கிறவனுக்கு அது.

இதை வீட்டில் சொல்லப் போவதில்லை. ஃபோனே, நீயும் சொல்லாதே.

மார்ச் 21, வெள்ளி

ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. சிறுநீரகம் பழுது. பின்னங்கால் மூட்டு தேய்ந்திருக்கிறது. ரத்த அழுத்தம் கூடுதல், கவனிக்காமல் விட்டிருந்தால் ஒருநாள் பார்வை போயிருக்குமாம். குணமாகாது, ஆனால் பார்த்துக்கொள்ளலாம் என்றாராம் டாக்டர். எத்தனை நாள் என்று மகள் கேட்டாளா, அவர் சொன்னாரா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

மாத்திரை. ஈரமான சாப்பாடு. அறைக்கு ஒரு தண்ணீர்க் கிண்ணம். மண் தட்டின் ஓரம் தாழ்வாக இருக்க வேண்டும். ஏறுவதற்குப் படி வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை எடை பார்க்க வேண்டும். பூனை தராசில் தனியாக நிற்காது, அதனால் ஒருவர் அவளைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, தனியாக ஒருமுறை ஏறி, இரண்டையும் கழிக்க வேண்டும்.

"நான் ஏறறேன்" என்று மகள் சொன்னாள்.

"அவ என் கையிலதான் சும்மா இருப்பா" என்றேன். அது உண்மை. ஆனால் அதற்காக மட்டும் நான் சொல்லவில்லை. என்னால் தூக்க முடியும் என்று யாருக்கோ காட்ட வேண்டியிருந்தது.

மார்ச் 23, ஞாயிறு

முதல் எடை. மகள் மருந்துக்கடையிலிருந்து கண்ணாடித் தராசு வாங்கி வந்திருக்கிறாள். காலடியில் எண் எரியும். பூனையை அணைத்துக்கொண்டு குனிந்தால் எனக்கு மங்கலாகத்தான் தெரிகிறது, மூக்குக்கண்ணாடி போட்டால் சீமாட்டி அதைத் தட்டிவிடுகிறாள். அதனால் எண் பார்க்கிற வேலை மச்சினனுக்கு.

"ஏறுங்க, ஏறுங்க, படியில நிக்காதீங்க! பூனையோட ஒரு ஆளு... இறங்குங்க... இப்ப தனியா ஏறுங்க... ரைட், ரைட்!"

"ரெண்டு நம்பரும் எனக்கு வேணாம் மாப்ளே. கழிச்சதை மட்டும் சொல்லு."

"மூணு நூறு. குறையல அத்தான்."

மார்ச் 30, ஞாயிறு

மூன்று இருநூறு! கூடியிருக்கிறாள். மச்சினன் வாயாலேயே இரண்டு விசில் அடித்தான்.

கட்டிலுக்கு ஏற நான் செய்த படியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரப்பெட்டி இரண்டு, பெரியது ஒன்று சிறியது ஒன்று, மேலே பழைய கம்பளி சுற்றி ஆணி அடித்தேன். இரண்டு நாள் வேலை. சுத்தியல் ஏன் இவ்வளவு கனமாகிவிட்டது என்று கேட்டுக்கொண்டேன். சீமாட்டி அதை முகர்ந்து பார்த்தாள். ஏறவில்லை. சிறிய பெட்டிக்குள்ளே புகுந்து படுத்துக்கொண்டாள். "மாடி கட்டிக் குடுத்தா கீழ்வீட்ல குடியிருக்கா" என்றான் மச்சினன்.

ஏறாவிட்டால் என்ன, நான் தூக்கிவிடுகிறேன். இன்னும் தூக்குகிறேனே.

ஏப்ரல் 6, ஞாயிறு

மூன்று இருநூறு. அதேதான். சந்தோஷப்பட வேண்டும்.

ஆனால் மச்சினன் "ரைட்" சொல்லவில்லை. என்னைத் தனியாக ஏறச் சொல்லி, இறங்கச் சொல்லி, மறுபடி ஏறச் சொன்னான். "மெஷின்ல பேட்டரி போயிடுச்சோ என்னமோ" என்றான். மூன்றாம் தடவை ஏறியபிறகு மகளைப் பார்த்தான். அவள் துணி மடிக்கிறதை நிறுத்தியிருந்தாள்.

"எவ்வளவு?" என்றேன்.

"மூணு இருநூறு அத்தான். அதான் சொன்னேனே."

பேட்டரி போன மெஷின் எப்படி அதே எண்ணைக் காட்டும்?

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்று ஒரு வெட்கக்கேடு.

மச்சினனும் நானும் கடைக்குப் போய்த் திரும்பி வந்தோம். என் கையில் உருளைக்கிழங்குப் பை. எங்கள் கட்டடத்துப் படியில், முதல் மாடித் திருப்பத்தில் கால் நகர மாட்டேன் என்றது. சுவரில் கட்டடக்காரர்கள் ஏதோ அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். பையைக் கீழே வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூச்சு அடங்குகிறவரைக்கும்.

மேலே இரண்டு படி போய்விட்ட மச்சினன் திரும்பினான்.

"என்ன அத்தான் போட்டிருக்கு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் படிக்கிறவன் மாதிரி நின்றுகொண்டிருக்கிறேன் என்று. எழுபத்தாறு வயதில் ஒரு எழுத்து தெரியாதவன்.

"தண்ணி வராதாம்" என்றேன்.

அவன் இறங்கி வந்து அறிவிப்பைப் படித்தான். ரொம்ப நேரம் படித்தான். பிறகு, "ஆமா, தண்ணிதான்" என்றான். பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஏறினான், ரொம்ப மெதுவாக, தனக்குத்தான் முட்டி வலிக்கிறது என்று திட்டிக்கொண்டே.

இன்று முழுக்கக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கிறது.

யானையின் முடிச்சு. சீமாட்டியின் பாதம். என் அறிவிப்பு.

ஏப்ரல் 10, வியாழன்

இன்றைக்கு இரண்டு தடவை அவள் விலாவைப் பார்த்தேன். மூச்சு ஓடுகிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

எடை முடிந்தது. மூன்று இருநூறு என்றான். நான் குளியலறைக்குப் போனேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. சமையலறையில் இரண்டு பேரும் பேசுவது கேட்டது.

"இன்னும் குறைஞ்சிருக்கா மாமா?" மகள்.

"ம்."

"எப்ப சொல்றது?"

"நான் எப்படிம்மா சொல்லுவேன்? அந்த மனுஷன் உடைஞ்சிடுவாரு."

எனக்கு எல்லாம் இருட்டிக்கிட்டு வந்தது. சீமாட்டி குறைஞ்சுக்கிட்டே இருக்கா. எங்கிட்ட மறைக்கிறாங்க. அன்னைக்கு அஞ்சை எட்டுன்னு சொன்னவன்தானே இவன்? மூஞ்சியைப் பார்த்தே சொன்னவன்! மூணு இருநூறுன்னு சொல்றதுக்கு இவனுக்கு என்ன கஷ்டம்?

வெளிய வந்து பார்த்தா ரெண்டு பேரும் சிரிச்சாங்க. சீமாட்டி பெட்டிக்குள்ள தூங்கறா. நான் எதுவும் கேட்கல. கேட்டா சொல்லிடுவாங்களேன்னு பயம்.

எவ்வளவு இருப்பா இப்ப? ரெண்டரையா? ரெண்டா?

ஏப்ரல் 15, செவ்வாய்

மகள் வேலைக்குப் போயிருக்கிறாள். மச்சினன் பழைய சிநேகிதர்களோடு பூங்காவில். அவன் போனதும் தராசை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் போட்டேன். கண்ணாடியைக் கயிறு கட்டிக் காதோடு மாட்டிக்கொண்டேன், தட்டினாலும் விழாதபடி. சீமாட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். தூக்கும்போது கை நடுங்கியது. பயத்தாலா, வேறு காரணமா என்று யோசிக்கவில்லை.

ஏறினேன். குனிந்து பார்த்தேன். அறுபது நூறு.

அவளை இறக்கிவிட்டுத் தனியாக ஏறினேன். ஐம்பத்தாறு தொள்ளாயிரம்.

கழித்தேன். மூட்டைக் கணக்குப் போட்டவன்தானே, வாய்க்கணக்கு வரும். மூன்று இருநூறு. மறுபடி ஏறினேன், மறுபடி கழித்தேன். மூன்று இருநூறு.

அவர்கள் பொய் சொல்லவில்லை. சீமாட்டி குறையவில்லை. நன்றாக இருக்கிறாள். எனக்குச் சத்தமாகச் சிரிக்க வேண்டும் போல இருந்தது, இறங்கப் போனேன்.

இறங்கவில்லை.

காலடியில் அந்த மற்ற எண் எரிந்துகொண்டிருந்தது. ஐம்பத்தாறு தொள்ளாயிரம். குடோன் தராசில் வருஷா வருஷம் நான் எழுபத்திரண்டு. விட்டு வந்தபோதும் எழுபத்திரண்டு. மகள் ஒருமுறை மருந்துக்கடையில் ஏற்றிப் பார்த்தபோதும் எழுபதுக்கு மேலே.

அவர்கள் சமையலறையில் பேசினது சீமாட்டியைப் பற்றி இல்லை.

நான் நாலு வாரமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நானே ஆசைப்பட்டு ஏறி நின்றிருக்கிறேன். கழித்ததை மட்டும் சொல்லு, கழித்ததை மட்டும் சொல்லு என்று. கழித்தபோது தள்ளிவிட்டது என்னைத்தான்.

வேட்டி நெகிழ்ந்துகொண்டே இருந்ததே, துணி பழசாகிவிட்டது என்றுதானே நினைத்தேன். பாதிச் சாப்பாட்டில் போதும் என்று எழுந்தேனே, பசி இல்லை என்றுதானே சொன்னேன். அவளைப் பார்த்துக்கொண்டே இருந்த கண், ஒருமுறைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை.

பயமா இருக்கு. வேற என்ன சொல்றது. பயமா இருக்கு.

ஏப்ரல் 16, புதன்

ஒன்றும் சொல்லவில்லை யாரிடமும். சாப்பாட்டை முழுக்கச் சாப்பிட்டுக் காட்டினேன். அப்புறம் குளியலறையில் போய் எல்லாம் வெளியே வந்துவிட்டது. தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டேன், சத்தம் கேட்காமலிருக்க.

சீமாட்டி கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கும். இந்த வித்தையில் அவள் என்னைவிட மூத்தவள்.

ஏப்ரல் 18, வெள்ளி

யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நான் அந்த இரும்பு மேஜையைப் பார்த்து அப்படிப் பயந்தேன். எடை போட்டதும் இவளைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள் என்று. என்ன நடந்தது? மாத்திரை கொடுத்தார்கள். தட்டின் ஓரத்தைத் தாழ்த்தினார்கள். நகத்தை வெட்டிவிட்டார்கள். இப்போது வாலைக்கூட அவளே நக்கிக்கொள்கிறாள்.

நான் இன்னும் கொஞ்ச நாள் மறைத்திருந்தால் அவளுக்குக் கண் போயிருக்கும்.

ஆனாலும் பயம் குறையவில்லை. அது வேறு, இது வேறு என்கிறது மனசு. எனக்கு வந்திருப்பது மாத்திரையில் அடங்குகிறதாக இருக்குமா? யாருக்குத் தெரியும்?

ஏப்ரல் 20, ஞாயிறு

"ஏறுங்க அத்தான்" என்றான் மச்சினன். இப்போதெல்லாம் சத்தம் போடுவதில்லை. சீமாட்டியோடு ஏறினேன். இறங்கினேன். அவளைக் கீழே விட்டேன். தனியாக ஏறி நின்றேன்.

"மூணு இருநூறு" என்றான் உடனே.

நான் இறங்கவில்லை. "மாப்ளே" என்றேன், "ரெண்டு நம்பரையும் சத்தமா படி."

"எதுக்கு அத்தான், கழிச்சாச்சே."

"டிக்கெட் குடுத்தவன் ஸ்டாப்பைச் சொல்லணும்ல? படி."

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. மகள் ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றாள்.

மச்சினன் குனிந்து பார்த்தான். அவனுக்குக் குனியவே வேண்டாம், அவனுக்குத் தெரியும். "பூனையோட அம்பத்தொம்பது நானூறு" என்றான். "தனியா அம்பத்தாறு இருநூறு."

போன செவ்வாய்க்கிழமையைவிடவும் குறைவு.

"என்னைக்கு?" என்று மகளைக் கேட்டேன்.

"வியாழக்கிழமைக்கு ஆஸ்பத்திரியில நேரம் வாங்கி வச்சிருக்கேன்ப்பா" என்றாள். வாங்கியே வைத்திருக்கிறாள். எப்போது வாங்கினாளோ. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். நானும் தராசைவிட்டு இறங்கத் தெரியாமல் நின்றேன். மச்சினன்தான் என் முழங்கையைப் பிடித்து, "இறங்குங்க, இறங்குங்க, பின்னாடி ஆள் நிக்குது" என்றான். பின்னால் சீமாட்டி நின்றுகொண்டிருந்தாள்.

ஏப்ரல் 24, வியாழன்

ஆஸ்பத்திரியில் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறேன். வரிசையாக ஆட்கள். ஒருவரும் ஒருவரைப் பார்ப்பதில்லை. மகள் ஒரு பக்கம், மச்சினன் ஒரு பக்கம். அவன் எதிர்ச் சுவரில் இருக்கிற அறிவிப்பைக் காட்டி, "படிச்சாச்சா அத்தான்?" என்று காதில் கேட்கிறான். போடா என்றேன்.

காலையில் சீமாட்டியை நான் தூக்கவில்லை. கை வரவில்லை, வரவில்லை என்று சொல்லியும் விட்டேன். படுத்திருந்தேன். டக் டக் சத்தம் இல்லை, அதனால் வருவது தெரியவில்லை. பெட்டியின் கம்பளியில் ஏதோ பிறாண்டுகிற சத்தம். திரும்பாமல் ஓரக்கண்ணால் பார்த்தேன். முதல் பெட்டி மேல் ஏறி நின்றாள். பாதத்தை நக்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் நக்கி முடிக்கட்டும், எத்தனை நேரம் ஆனாலும். கொஞ்சம் பொறுத்து என் வயிற்றின் மேல் வந்து படுத்தாள். மூன்று இருநூறு. ஐந்தாகத்தான் தெரிந்தது.

உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் பட்டியலோடு வந்து நிற்கிறாள்.

என் பெயரைத்தான் கூப்பிடுகிறாள்.